பத்தொன்பது வீட்டுக்கு ஒரே பொறுப்பாளர்

அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்கள் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் என்பதை நம்ப எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

துபாய்க்கு நான் போனது கிளார்க் வேலைக்கு. இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். வாடகைக்கு எடுத்த ஒரு வில்லாவின் ஆறு அறைகளில் நடந்தது. ஆபீஸ் என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், ஓர் இரும்பு அலமாரி. நான் சேர்ந்த அன்றே நிர்வாகக் குழுத் தலைவர் வந்து ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். அவர் ஒரு பேங்கில் பெரிய ஆபீசர். சென்னைக்காரர். சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை.

"நம்ம ஸ்கூலோட விதிமுறை இது. ஸ்டென்சில் கிழிஞ்சு போச்சு. புதுசா அடிச்சுக் குடுப்பா. ஒரு கமாகூட மாறக் கூடாது."

இங்கிலீஷில் இருபத்திரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியை அடித்துவிட்டு நான் கையை எடுத்துவிட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. அந்த ஓட்டுப் போடுகிறவர்கள் கூடியதுதான் பொதுக்குழு. அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஏழு பேர் சொல்வதைத் தலைமை ஆசிரியை கேட்க வேண்டும். அந்த ஏழு பேரோ, பொதுக்குழு கேட்கும்போது எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கேயாவது ஓர் ஓரத்தில் 'ஆனாலும் கடைசி முடிவு பெரியவர்களுடையது' என்று இருக்கும் என்று தேடினேன். இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஜல்லி உடைக்கிறவர். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்று ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டார். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே கையை மட்டும் நீட்டிப் பெருவிரல் ரேகை வைத்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நான் படித்தேன், அவர் அந்த வாசலைத் தாண்டவே இல்லை. மழையைப் போல, பஸ்ஸைப் போல, பள்ளிக்கூடமும் அவருக்கு யாரோ அனுப்பி வருவது. அதில் தனக்கு ஒரு சொல் உண்டு என்று அவருக்குச் சொல்லியிருந்தால் பயந்திருப்பார்.

காகிதத்தில் இருப்பது நிஜத்திலும் நடக்கிறது என்று எனக்குக் காட்டியது ஒரு டை. யூனிஃபார்மோடு டை கட்ட வேண்டும் என்று தலைவர் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் எழுந்து, "சாருக்கு பேங்கில ஏசி இருக்கு. எம் பொண்ணுக்கு கிளாஸ்ல ஃபேனே இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கை தூக்கினார்கள். டை தோற்றது. அடுத்த மாதம் அந்தக் கூட்டத்தின் குறிப்பை நான் வாசித்தேன், தலைவரின் தீர்மானம் தோற்றது என்ற வரியோடு. அவர் பேனாவைத் திறந்து அதன் கீழே கையெழுத்துப் போட்டார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அன்றிலிருந்து குறிப்பேட்டை நான் இரண்டு கையாலும் எடுக்க ஆரம்பித்தேன்.

மதிய ஷிஃப்ட் வந்தது ஊருக்கு வெளியே தள்ளியிருந்த ஜெபல் அலியால். அங்கே துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆப்பரேட்டர்கள், ஃபோர்மேன்கள், டிரைவர்கள் என்று சில பேருக்கு மட்டும் குடும்பத்தோடு இருக்க வரிசையாகத் தகர அறைகள் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஏற்றிவர ஒரே ஒரு பஸ். அந்த பஸ் விடியற்காலையில் ஆட்களை சைட்டுக்கு இறக்கிவிட்டு, பத்து மணிக்குத்தான் சும்மாவாகும். காலை ஏழு மணிப் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளைகள் எப்படி வர முடியும்? அதனால் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை இன்னொரு ஷிஃப்ட். பெஞ்சும் போர்டும் காலை ஷிஃப்டுடையதே.

சேர்க்கைக்கு வந்த அந்தத் தகப்பன்மார்களில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தெரியாது. நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம். அப்பாவுக்கு யாரும் செய்யாததை நான் இன்னொரு அப்பாவுக்குச் செய்கிறேன் என்று. முதலில் வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து கிரேன் ஆப்பரேட்டர் ஒருவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் மகளைச் சேர்க்க, துவைத்த காக்கிச் சட்டையில் வந்திருந்தார்.

பிள்ளை பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டம்: இந்த நாட்டில் பிள்ளைக்குப் பொறுப்பாளர்.

"இங்க யாரு அண்ணாச்சி பொறுப்பு?" என்று கேட்டேன்.

"இதென்னடே கேள்வி? கஃபீல்தான் பொறுப்பு."

சரிதானே என்று எனக்கும் பட்டது. விசா, எங்களை வரவழைத்த கஃபீலுடையது. பாஸ்போர்ட் அவர் அலமாரியில். லீவுக்கு ஊருக்குப் போக அவர் கையெழுத்து. அந்த மண்ணில் 'உனக்கு யார் பொறுப்பு' என்று போலீஸ்காரர் கேட்டால் நாங்கள் எல்லாரும் சொல்லும் பதில் அதுதான். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கட்டத்தில் கஃபீலின் பெயரை எழுதினேன். துறைமுகத்துக்கு ஆள் கொடுக்கிற உள்ளூர் அரபிக்காரர் அவர். அடுத்து ஒரு பஞ்சாபி டிரைவர் வந்தார். "ஜிம்மேதார் கௌன்?", பொறுப்பு யார் என்று இந்தியில் கேட்டேன். அதே பெயர். அடுத்து ஒரு மலையாளி ஃபிட்டர். அதே பெயர். இப்படிப் பத்தொன்பது வீடு. ஊருக்குள் இருந்த ஆபீஸ்காரர்கள் ஃபாரத்தைத் தாங்களே நிரப்பினார்கள், அந்தக் கட்டத்தில் தங்கள் பெயரையே எழுதினார்கள். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. மதிய ஷிஃப்டை மூடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன காரணம் உண்மை. காலையில் பாடம் நடத்திய அதே டீச்சர்கள் மதியமும் நின்று, இரண்டு பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். மதியம் கரண்ட் போய்ப் போய் வந்தது. வருஷ முடிவோடு மதிய ஷிஃப்ட் நிற்கும், காலை ஏழுக்கு வர முடிகிறவர்கள் இருக்கலாம், முடியாதவர்கள் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானம் தயாரானது. பொதுக்குழு ஒப்புக்கொண்டால் சரி.

செய்தி கேட்டு அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூடிட்டா எம் மவளும் அவ அம்மையும் ஊருக்குப் போக வேண்டியதுதான். வேற பள்ளிக்கூடம் இல்ல. எட்டு வருசம் தனியாக் கெடந்துட்டு இப்பத்தான்டே ஒரு வருசமா வீட்டுச் சோறு திங்கேன். யார்ட்ட போய்க் கெஞ்சணும், சொல்லு. தலைவர்ட்டயா, பெரிய டீச்சர்ட்டயா?"

கிளார்க் ஒரு கட்சியிலும் சேரக் கூடாது. ஆனால் விதியைக் காட்டலாம். இரண்டாம் பக்கத்தை எடுத்து அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"யார்ட்டயும் கெஞ்ச வேணாங்க. பொதுக்குழுவுல ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. உங்க வீட்டுக்கும் உண்டு. பேங்க் ஆபீசருக்கு என்ன ஓட்டோ அதே ஓட்டுதான் உங்களுக்கும்."

"வெளையாடாத."

"நானே டைப் அடிச்சதுங்க."

அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாத இங்கிலீஷைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அப்பம் பத்தொம்பது ஓட்டுடே!" என்றார். அந்த வாரம் முழுக்க தகர அறைகளில் இதே பேச்சாம். வெள்ளிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொள்ள ஒவ்வொருவரும் ஃபோர்மேனிடம் நின்றார்களாம்.

நான் உறுப்பினர் பட்டியலை அடித்தேன். விதிப்படி, ஃபாரத்தில் பொறுப்பாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர். கஃபீலின் பெயரைப் பத்தொன்பது தடவை அடித்தேன். பத்தொன்பது அழைப்பிதழில் அவர் பெயரையும் போஸ்ட் பாக்ஸ் எண்ணையும் எழுதினேன். விரல் தயங்கவே இல்லை. எங்கள் எல்லாருடைய ஊர்க்கடிதத்திலும் மேலே கஃபீல் பெயரும் அவர் போஸ்ட் பாக்ஸும்தான் இருக்கும், வீட்டுக்குத் தபால் கொண்டுவந்து தருகிற வழக்கம் அங்கே இல்லை. முகவரிதானே எழுதுகிறோம் என்ற நினைப்பு. ஒரு கமா மாறாமல் அடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை. பெரிய அறையில் கூட்டம். மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயை இடிக்கத் தகப்பன்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபல் அலி பஸ் வந்தது. பத்தொன்பது வீட்டில் பன்னிரண்டு தகப்பன்மார்களால்தான் வர முடிந்தது. மற்ற ஏழு பேருக்கு டியூட்டி மாறவில்லை. பெண்கள் சிலரும் பஸ்ஸில் வந்து வராந்தாவில் நின்றார்கள். எல்லாரும் கடைத்தெருவுக்குப் போவதைப் போல உடுத்தியிருந்தார்கள். ஃபிட்டர் மட்டும் என்னிடம் வந்து, "அழைப்பு ஒண்ணும் கிட்டியில்லல்லோ" என்றார். அனுப்பினேனே, கஃபீல் ஆபீசில் தாமதமாகியிருக்கும் என்று சொன்னேன்.

தலைவர் மணியை அடிக்கக் கையை வைத்த நேரம், வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது. வெள்ளை அங்கியில் ஒரு பெரியவர் இறங்கினார். நரைத்த தாடி. கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு உறை. ஜெபல் அலிக்காரர்கள் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"அர்பாப்!" என்றார் பஞ்சாபி டிரைவர். அவர்களுடைய கஃபீல்தான் அவர்; முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அர்பாப் எல்லாருக்கும் சலாம் சொன்னார். பிறகு அவருக்கே உரிய இந்தியில், உறைக் கட்டைத் தூக்கிக் காட்டி, தலைவரைப் பார்த்துக் கேட்டார்: "யே க்யா ஹை, பாய்? இந்த ஸ்கூலில் எனக்குப் பத்தொன்பது பிள்ளைகளா? வல்லாஹி, சத்தியமா என் வீட்டில் ஆறுதான் இருக்கு. மிச்சப் பதிமூணு எங்கே இருந்து வந்தது? வீட்டுக்காரி கேட்கிறாள், நான் என்ன பதில் சொல்ல?"

அறை அதிர்ந்தது. தலைவரே சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த பட்டியலைப் பார்த்தேன்.

தலைவர் பட்டியலை வாங்கினார். விரலை வைத்துக் கீழே இறங்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை. சிரிப்பு நின்றது. ஜெபல் அலிக்காரர்களைப் பார்த்து, மெதுவாக, எல்லாருக்கும் புரிகிற இந்தியில் சொன்னார்: "உங்களில் ஒருவர் பெயரும் இதில் இல்லை. பத்தொன்பது குடும்பத்துக்கும் உறுப்பினர் இவர்தான். விதிப்படி பத்தொன்பது ஓட்டும் இவருடையது."

நான் இதை இப்போது நினைத்தாலும் தலைவர்மேல் மதிப்புக் கூடுகிறது. தீர்மானம் அவருடையது. அந்தப் பத்தொன்பது ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று அவருக்குத் தெரியாமலா? தெரிந்தும், விதி என்னவோ அதைச் சொன்னார்.

அர்பாப்புக்கு விஷயத்தை டிரைவர் விளக்கினார். ஸ்கூலை மூடப் பார்க்கிறார்கள், நம் பிள்ளைகள் போகவேண்டியதுதான் என்று. அர்பாப் தாடியைத் தடவினார். "அவ்வளவுதானே? கவலைப்படாதீங்க. எப்போது கை தூக்கணும், சொல்லுங்க. பத்தொன்பது தடவை தூக்கறேன். கலாஸ், முடிஞ்சது."

டிரைவர் கையைத் தட்டினார். "ஹோ கயா!" முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று மற்றவர்களும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஆபீஸ்காரர்கள் பக்கம் முணுமுணுப்பு. அண்ணாச்சி மட்டும் எழுந்து மேஜைக்கு வந்தார். பட்டியலை என் பக்கம் திருப்பினார்.

"எம் பேரு எங்கடே?"

கூட்டத்தில் பேச கிளார்க்குக்கு உரிமை இல்லை. குறிப்பு மட்டும் எழுதலாம். நான் எழுந்து தலைவரிடம் அனுமதி கேட்டேன். அவர் தலையை அசைத்தார்.

"தப்பு என்னோடது" என்றேன், முதலில் தமிழில், பிறகு எனக்குத் தெரிந்த இந்தியில். "பிள்ளைக்குப் பொறுப்பு யாருன்னு நான் கேட்டப்ப, இவங்க தங்களுக்குப் பொறுப்பு யாருன்னு நினைச்சுப் பதில் சொன்னாங்க. நான் விளக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லல. கஃபீல் பேரை எழுதிட்டேன்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அதனால என்ன மோசம்?" என்றார் ஃபிட்டர். "நல்லதாய்ப் போச்சு. அண்ணாச்சி, ஜெயிக்கிற சமயத்தில் பிரச்சினை உண்டாக்கல்லே."

அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஜெயிக்கது யாரு? நீயா, அவரா?"

"யாரானால் என்ன, ஸ்கூல் இருந்தால் போதுமே."

"இன்னைக்கு இருக்கும். அடுத்த வருசம் அவருக்கு வேற ஜோலி வந்து இந்தப் பக்கம் வரலைன்னா? கேளுடே. விசா அவரு தந்தது. பாஸ்போர்ட்டு அவர்ட்ட இருக்கு. லீவு அவர்ட்ட இருக்கு. அதுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல, நல்ல மனுசன். பிள்ளையையும் அவரு பேருலயே எழுதிட்டா எங்கிட்ட மிச்சம் என்ன இருக்கு?"

அண்ணாச்சி அர்பாப்பின் முன்னால் போய் நின்றார். கிரேன் ஆப்பரேட்டருக்குத் தெரிந்த இந்தி எவ்வளவு இருக்கும்? தேவையான அளவு இருந்தது.

"அர்பாப், வீசா ஆப்கா" என்றார். தன் நெஞ்சில் கையை வைத்தார். "பச்சா மேரா."

விசா உங்களுடையது, பிள்ளை என்னுடையது. சைட் ஆள் ஒருவர் கஃபீலிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டிரைவர் தரையைப் பார்த்தார். அர்பாப் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். கோபமா, வருத்தமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றினார். உறைகளை மேஜைமேல் வைத்தார்.

"ஸஹி பாத்" என்றார். சரியான பேச்சு. "நானாக இருந்தாலும் என் பிள்ளையை எழுதித் தரமாட்டேன்."

அர்பாப்பின் பத்தொன்பது ஓட்டையும் மறுத்தாகிவிட்டது. இப்போது பட்டியலில் இவர்கள் பெயரும் இல்லை. தலைவர் என்னைப் பார்த்தார். "விதிமுறைல இதுக்கு வழி இருக்காப்பா?"

இருபத்திரண்டு பக்கத்தையும் நான் ஸ்டென்சிலில் வெட்டியவன். பதினேழாம் பக்கம். நான் எடுத்து வாசித்தேன். பதிவேட்டில் உள்ள பிழையைப் பிள்ளையின் தகப்பனோ தாயோ எழுத்து மூலம் கேட்டால், எந்த நேரமும் திருத்தலாம். ஓட்டெடுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் என்றுகூட அதில் இல்லை. எந்த நேரமும்.

"அப்ப எழுதித் தரட்டும்" என்றார் தலைவர். "அரை மணி நேரம்." மணியைத் தள்ளி வைத்தார்.

நான் பழக்கத்தில் காகிதத்தை இழுத்து, எழுதப் போனேன். அண்ணாச்சி என் கையிலிருந்து பேனாவை எடுத்தார். "நீ எழுதுனது போதும்டே."

அறையில் மறுபடியும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தில் தமிழில் எழுதினார். மகள் பெயர், வகுப்பு, அதன் கீழே: பொறுப்பு நானே. தலைவர் அதை வாங்கிப் படித்தார். "இங்கிலீஷ்லதான் எழுதணும்னு விதி இல்லை" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்கு எழுதத் தெரியாது. மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், கீழே ரேகை வைக்க வேண்டும். ஆபீஸ்காரர் ஒருவர் எழுந்து, "எழுத்து மூலம்னு இருக்கு. ரேகை எழுத்தாகுமா?" என்று கேட்டார். குதர்க்கம் இல்லை, நியாயமான கேள்விதான். தலைவர் தன் தோல்பையைத் திறந்து, முத்திரைக்கு வைத்திருந்த தன்னுடைய மைப்பெட்டியை எடுத்து, மூடியைக் கழற்றி, மேஜையின் நடுவில் அவர்கள் பக்கமாக நகர்த்தினார். டிரைவர் முன்னால் வந்து, தலைவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகப் பெருவிரலை அழுத்தினார். உட்கார்ந்து வைத்தார். எனக்கு என் அப்பாவின் கை, வாசலுக்கு வெளியே இருந்து நீண்ட அந்தக் கை, ஞாபகம் வந்தது. குறிப்பேட்டில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பன்னிரண்டு முடிந்தது. மிச்சம் ஏழு. அப்போது வராந்தாவிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அண்ணாச்சியின் மனைவி.

"ஏ தம்பி, இப்ப என்ன வாசிச்சிய? தகப்பனோ தாயோன்னுதான வாசிச்சிய?"

"ஆமாங்க்கா."

"இந்தா நிக்காவல்லா நாலு தாய்மாரு. இவிய வீட்டுக்காரவ டியூட்டிக்குப் போயிருக்காவ. இவிய எழுதித் தந்தா செல்லாதா?"

தலைவர் பதினேழாம் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். "செல்லும்" என்றார். நான்கு பெண்கள் உள்ளே வந்தார்கள். அதில் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. ஒருத்தி ஹைஸ்கூல் வரை படித்தவள், இங்கிலீஷிலேயே எழுதினாள். நான் எழுதியிருந்ததைவிட நல்ல கையெழுத்து. அந்த வீடுகளுக்கு அன்று அவர்கள்தான் உறுப்பினர்கள்.

மூன்று வீடு மட்டும் திருத்த ஆளில்லாமல் அர்பாப் பெயரிலேயே நின்றது. அந்த மூன்று ஓட்டையும் போடச் சொல்லிக் கேட்டிருந்தால் போட்டிருப்பார். யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, வேறொருவர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் தலைவர் தன் பக்கத்தைச் சொன்னார். டீச்சர்கள் மயங்கி விழுந்ததைச் சொன்னார். அண்ணாச்சி எழுந்து, அது உண்மைதான் என்றார். "டீச்சர்மார நாங்க கொல்லணும்னு சொல்லல. மதியத்துக்கு வேற ரெண்டு டீச்சர் பாருங்க. குவார்ட்டர்ஸ்ல டிகிரி முடிச்ச பொம்பளேய மூணு பேரு சும்மாதான் இருக்காவ." அதை நான் இந்தியில் சொன்னேன். அப்படி மூன்று பேர் இருப்பது நிர்வாகக் குழுவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சீட்டில் எழுதிப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு, மூடலாம் என்றால் வட்டம், வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. நானும் மளிகைக்கடைக்காரரும் பிரித்து எண்ணினோம். மூடலாம்: முப்பத்து நாலு. வேண்டாம்: முப்பத்தாறு. இன்னொரு தடவை எண்ணினோம். அதேதான். அந்த நான்கு பெண்கள் இல்லையென்றால் தோற்றிருப்போம். 'தோற்றிருப்போம்' என்று எழுதிவிட்டேன். கிளார்க் எந்தக் கட்சியிலும் சேரக் கூடாதுதான்.

கூட்டம் கலைந்தபோது தலைவரிடம் போய், ராஜினாமா எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"முதல்ல குறிப்பை எழுது" என்றார். "உன் தப்பையும் எழுது. விடாம."

எழுதினேன். பிழை தன்னுடையது என்று கிளார்க் கூட்டத்தில் தெரிவித்தார் என்று ஒரு வரி. பெற்றோர் பதினாறு பேர் பதிவேட்டைத் தாங்களே திருத்தினார்கள் என்று அடுத்த வரி. தலைவரின் தீர்மானம் தோற்றது என்று அதற்கடுத்த வரி. அடுத்த கூட்டத்தில் மூன்றையும் சத்தமாக வாசித்தேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். நான் எழுதிய வேறு எதையும்விட, பரீட்சையில் வாங்கிய எந்த மார்க்கையும்விட, எனக்குப் பெருமை அந்தப் பக்கத்தில்தான்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். யாரையோ எழுதச் சொல்லிப் பதில் வந்தது: 'தப்பை ஒத்துக்கொண்டது சரி. வேலை இருக்கிறதா இல்லையா என்று எழுதவில்லையே.' இருக்கிறது என்று மறு தபாலில் எழுதினேன். கூடவே, ரேகை வைக்கிறவர்கள் உட்கார்ந்து வைத்தார்கள் என்பதையும். அதற்கு அவர் பதில் எழுதச் சொல்லவில்லை.

அடுத்த வருஷத் தேர்தலில் அண்ணாச்சி நின்றார். இப்போது ஏழு பேரில் அவர் ஒருவர். வெள்ளிக்கிழமைகளில் காக்கிச் சட்டையோடு பேங்க் ஆபீசருக்குப் பக்கத்தில் உட்காருகிறார். இங்கிலீஷ் குறிப்பை நான் தமிழில் சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டார். "இந்தப் பயலை நம்பக் கூடாதுய்யா, என் மவளையே ஒரு தடவ எழுதிக் குடுத்துட்டான்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்.

ஃபாரத்தை மாற்ற நிர்வாகக் குழு அனுமதி தந்தது. அந்தக் கட்டத்தில் 'பொறுப்பாளர்' என்பதை எடுத்துவிட்டு 'தகப்பன் அல்லது தாய்' என்று போட்டேன். எழுதத் தெரியாதவர்கள் வந்தால் இப்போதும் நான்தான் நிரப்புகிறேன். பொறுப்பு யார் என்று கேட்பதில்லை. எத்தனையோ ஃபாரத்தில் கஃபீல் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள் அவை. அதனால், "பிள்ளை யாரோடது?" என்று கேட்கிறேன்.

என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன வாரம் வந்த ஒரு வெல்டர், மகனின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னார்: "என்ன சார் கேள்வி இது? என்னோடதுதான்."

அதை அப்படியே எழுதினேன்.